வானூர்தித் திரையும் வாய்மையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் திருப்பெயர் போற்றித் தொடங்குகின்றோம்.

நாம் பயின்ற கல்லூரியின் தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்டபோது முதலில் தயங்கினோம். இலக்கியம் நம் தொழிலன்று. வானூர்தியில் விமானியின் கண்முன் ஒளிரும் மின்னணுத் திரைகளை வடிவமைப்பதும், அவற்றைச் சோதித்துப் பார்ப்பதுமே நம் வாழ்நாட்பணியாக அமைந்தன. தமிழ் மலரில் இதற்கு என்ன இடம் என்று எண்ணினோம். அப்போது முதலாமாண்டு தமிழ் வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. உண்மையை அறியும் வழிகளை நம் தருக்க நூலார் 'அளவை' என்றனர். காட்சி, கருதல், உரை என அவற்றை மூன்றாகத் தொகுத்துக் கூறுவர் என்று பேராசிரியர் அன்று விளக்கினார். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த மூன்று சொற்களும் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆய்வுக்கூடத்தில் நம்மை வழிமறித்து நிற்கும் என அன்று அறிந்தோமில்லை. அந்த நிகழ்ச்சியையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

மேகத்துள் மனிதன்

நாம் செய்யும் வேலை யாதென ஒருமுறை நம் தாயார் வினவினார். விமானிக்கு வழிகாட்டும் திரையைச் செய்கிறோம் என்றோம். "ஏன் வாப்பா, விமானம் ஓட்டுறவருக்குக் கண்ணு இருக்குதானே? சன்னல் இருக்குதானே?" என்றார் உம்மா. மிக நல்ல கேள்வி. அதற்குரிய விடையே இத்துறையின் தொடக்கமாகும்.

மேகத்துள் புகுந்த விமானிக்குச் சன்னல் பயன்படாது. அதைவிடப் பெரிய துன்பம் யாதெனில், அவனுடைய உடலே அவனுக்குப் பொய் சொல்லும். நம் உட்செவியில் அமைந்த சமநிலை உறுப்பு, விரைவான சுழற்சியை உணரும். மெல்ல மெல்ல நிகழும் சாய்வை உணராது. ஆதலின் விமானம் ஒருபக்கம் சாய்ந்து வட்டமிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருக்க, உள்ளிருப்பவன் தான் நேராகச் செல்வதாகவே எண்ணியிருப்பான். 1954ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சியில்லாத 20 பேரை வெளியே ஏதும் தெரியாத நிலையில் விமானத்தை ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 நொடிகள்; அஃதாவது மூன்று நிமிடங்கள்கூட இல்லை.

இக்குறையைப் போக்கவே கருவிகள் தோன்றின. 1929 செப்டம்பர் 24ஆம் நாள், சிம்மி டூலிட்டில் என்னும் அமெரிக்க விமானி, வெளியே ஒன்றும் தெரியாதவாறு மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டுமே நோக்கி, விமானத்தை எழுப்பிப் பறந்து மீண்டும் தரையில் இறக்கிக் காட்டினார். அவருக்கு உதவியவற்றுள் தலையாயது செயற்கைத் தொடுவானம் என்னும் கருவி. சுழலும் சக்கரத்தின் நிலைப்பண்பைக் கொண்டு, வானம் எது, நிலம் எது என்று அது காட்டும். இன்றைய திரையின் நடுவிலும் மேற்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி பழுப்பாகவும் அதுவே வீற்றிருக்கின்றது. இடப்பக்கம் வேகம், வலப்பக்கம் உயரம், கீழே திசை. இந்நான்கும் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் அமைவது இன்றளவும் மாறாத மரபு. கருவி மாறலாம், விமானியின் கண் பழகிய பாதை மாறலாகாது.

முள்ளிலிருந்து திரைக்கு

பழைய விமானி அறைகளை நோக்கின் கடிகாரக் கடை ஒன்றினுள் புகுந்தாற்போல் இருக்கும். எங்கு நோக்கினும் வட்டங்கள், முட்கள், விளக்குகள். 1974 முதல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் போயிங் 737 விமானம் ஒன்றின் பயணியர் பகுதியில் இரண்டாவது விமானி அறையையே அமைத்து, அதில் மின்னணுத் திரைகளை வைத்து வானிலேயே சோதித்தது. முன்னறையில் பழைய கருவிகளுடன் ஒருவர் காவலிருக்க, பின்னறையில் சன்னலின்றித் திரையை மட்டும் நோக்கி ஒருவர் ஓட்டுவார். இத்தகைய ஆய்வுகளின் பயனாக, 1982இல் சேவைக்கு வந்த போயிங் 767, 1983இல் வந்த ஏர்பஸ் 310 ஆகியவற்றில் தொலைக்காட்சிப் பெட்டி போன்ற கதிர்க்குழாய்த் திரைகள் இடம்பெற்றன. 1989இல் போயிங் 747-400 வந்தபோது, முந்தைய 747இல் 971ஆக இருந்த விளக்குகள், முட்கருவிகள், விசைகள் 365ஆகக் குறைந்தன. 1995இல் வந்த போயிங் 777 தட்டையான திரவப் படிகத் திரைகளை ஏற்றது.

எண்ணிக்கை குறைந்ததனால் வேலை எளிதாயிற்று என்று கருதுதல் வேண்டா. முள்ளுக்கு ஒரு நற்குணம் உண்டு. அது நிற்கும் கோணத்தைக் கொண்டே எண்ணைப் படிக்காமல் நிலையை உணரலாம். அது நகரும் விரைவைக் கொண்டு போக்கையும் உணரலாம். திரையில் மேலும் கீழும் ஓடும் எண்பட்டையில் அவ்வசதி இல்லை. நின்று படித்தாக வேண்டும். இக்குறையை ஈடுசெய்யவே, இன்னும் பத்து நொடியில் வேகம் என்னவாகும் என்பதைக் காட்டும் சிறு அம்பினைப் பட்டையின் அருகே வரைந்தனர்.

இவ்வாறே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னே ஒரு வழக்கு உண்டு. சிவப்பு என்பது உடனடி ஆபத்துக்கு உரியது. செம்மஞ்சள் எச்சரிக்கைக்கு உரியது. அழகு கருதி இவற்றை வேறெங்கும் தெளித்தல் ஆகாது. நண்பகல் வெயில் நேரே விழும்போதும் எழுத்துத் தெரிதல் வேண்டும். நள்ளிரவில் அதே எழுத்துக் கண்ணைக் கூசச் செய்தலும் ஆகாது. ஒருநாள் விமானி ஒருவர் குளிர்கண்ணாடி அணிந்து வந்தார். அவர் தலையைச் சாய்த்தவுடன் திரை கறுத்துப்போயிற்று! அக்கண்ணாடியும் திரவப் படிகத் திரையும் ஒளியின் அதிர்வுத் திசையைப் பிரித்து வடிகட்டுவனவாதலின், இரண்டும் குறுக்கே அமைந்தால் ஒளி கடவாது. பல மாதம் உழைத்த நமக்கு ஒரு கண்ணாடி பாடம் கற்பித்தது.

பிழை யாருடையது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் 'விமானியின் தவறு' என்றே பல விபத்துகளுக்குக் காரணம் எழுதப்பட்டது. பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் சோன்ஸ் என்னும் இரு உளவியலார் 1947இல் அக்கூற்றை ஆராய்ந்தனர். கருவியைப் படிப்பதில் நேர்ந்த 270 தவறுகளை விமானிகளிடம் கேட்டுத் தொகுத்தனர். ஒரே வட்டத்தில் மூன்று முட்கள் கொண்ட உயரமானியில் 1,000 அடி தவறாகப் படித்தல் போன்றவை திரும்பத் திரும்ப வந்தன. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு மனிதர் ஒரே தவற்றைச் செய்வாராயின் குற்றம் மனிதரிடமா, கருவியிடமா? இவ்வினாவிலிருந்தே இத்துறையின் அறம் பிறந்தது எனலாம்.

இவ்விடத்தில், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதமை நினைவுகூர்தல் பொருந்தும். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் இயற்றிய ஒளியியல் பெருநூலில், ஒளி பொருளிலிருந்து கண்ணை வந்தடைவதை நிறுவியதோடு நில்லாமல், கண் எவ்வாறெல்லாம் பிழைபடும் என்பதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார். காண்பது கண்ணெனினும், இன்னதென முடிவு செய்வது அறிவு. அம்முடிவில் பிழை புகும் என்பது அவர் கொள்கை. காட்சிக்குள்ளேயே கருதலும் கலந்திருக்கிறது என்பதன்றோ இதன் பொருள்!

பிழைபடும் காட்சிக்கு விலை உயிராக அமைந்ததும் உண்டு. 1992 சனவரி 20ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரருகே ஏர்பஸ் 320 விமானம் ஒன்று மலையில் மோதி, இருந்த 96 பேரில் 87 பேர் மாண்டனர். இறங்கும் கோணம் 3.3 பாகை என்று கருதி இட்ட எண், மற்றொரு முறையில் நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கு என்னும் ஆணையாகியிருக்கக்கூடும் என்று விசாரணையாளர் முடிவு கண்டனர். சிறு காட்டியில் இரண்டுக்கும் வேறுபாடு ஒரு புள்ளியே. பின்னர் இறங்கு விகிதத்தை நான்கு இலக்கத்தில் முழுமையாகக் காட்டுமாறு அது திருத்தப்பட்டது. ஒரு புள்ளியின் எடை எவ்வளவு என்பதைத் தமிழ் மாணாக்கருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நமக்கு நேர்ந்த சோதனை

இனி நம் கதைக்கு வருவோம். சிறிய விமானம் ஒன்றுக்கான திரையை நம் குழு வடிவமைத்து வந்தது. தரையிலேயே விமானி அறையின் மாதிரியை அமைத்து, செயற்கை மேகத்தையும் காற்றையும் கணினியால் உண்டாக்கி, விமானப்படையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த விமானி ஒருவரைக் கொண்டு சோதித்தோம். ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் அவர் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார். இதற்கெனக் கூப்பர், ஹார்ப்பர் என்னும் இருவர் 1969இல் வகுத்த அளவுகோல் உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதில் 1 என்பதே சிறப்பு. 10 என்பது பயன்படாது என்பதன் அடையாளம்.

தொடக்கத்தில், உணர்வியிலிருந்து வரும் செய்தி அரை நொடி நின்றாலும் திரையில் செயற்கைத் தொடுவானம் மறைந்து சிவப்புப் பெருக்கற்குறி தோன்றுமாறு அமைத்திருந்தோம். ஒருநாள் பெரியவர்கள் சிலர் பார்வையிட வந்தபோது இணைப்புக் கம்பி ஒன்று தளர்ந்து, சிவப்புக்குறி இருமுறை மின்னி மறைந்தது. அவர்கள் முகம் சுளித்தனர். நமக்கும் நாணமாயிற்று. அன்றிரவே, செய்தி நின்றால் ஐந்து நொடிவரை கடைசியாக வந்த படத்தையே காட்டிக்கொண்டிருக்குமாறு மாற்றினோம். மின்னல் நின்றது. திரை அழகாயிற்று.

இரண்டு வாரம் கழித்து, பழுதுகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கும் சோதனை வந்தது. விமானம் தரையைவிட்டு எழுந்து மேகத்துள் புகுந்து, வலப்புறச் சாய்விலிருந்து நேராகிக்கொண்டிருந்த வேளையில், விமானிக்கு அறிவிக்காமல் செய்தியை நிறுத்தினோம். திரையோ பழைய சாய்வையே காட்டி நின்றது. அவர் இன்னும் நேராகவில்லை என்று எண்ணி இடப்புறம் திருப்பினார், மேலும் திருப்பினார். ஐந்து நொடி கழித்துச் சிவப்புக்குறி தோன்றியபோது விமானம் ஏறக்குறைய பக்கவாட்டில் கிடந்தது. மாற்றுக் கருவியை நோக்கி அவர் மீட்க முயல்வதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது. மாதிரி அறையின் ஒலி நின்றது.

அவர் வெளியே வந்து சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "இந்தத் திரை தனக்குத் தெரியாததைத் தெரிந்தது போல ஏன் காட்டியது?" என்று மட்டும் கேட்டார். மதிப்பெண் தாளில் 10 என எழுதிக் கையொப்பமிட்டார்.

ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. திரையின் மென்பொருளை மாற்றினால் முன்பு செய்த சரிபார்ப்புகளை மீளவும் செய்தாக வேண்டும், மாதங்கள் ஆகும். அறிக்கையின் முதற்படியை நாமே எழுதினோம். 'விமானி மாற்றுக் கருவியை உரிய நேரத்தில் ஒப்புநோக்கவில்லை' என்று அதில் ஒரு வாக்கியம். அதில் பொய் ஏதுமில்லை, அவர் ஒப்புநோக்கவில்லைதான். ஆயினும் அது வாய்மையன்று என்பதை எழுதிய கை அறிந்திருந்தது.

நின்ற கடிகாரம்

அன்றிரவு இரண்டு நினைவுகள் நம்மை உறங்கவிடவில்லை.

ஒன்று, 1978 சனவரி 1ஆம் நாள் இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 747 'எம்பரர் அசோகா' இரண்டு நிமிடத்துக்குள் அரபிக்கடலில் வீழ்ந்தது. 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் செயற்கைத் தொடுவானக் கருவி பழுதுபட்டு, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. இருண்ட கடலின் மேல் வேறு அடையாளம் இல்லாமையால் அவர் இடப்புறம் திருப்பிக்கொண்டே சென்றார். வளைகுடா நாட்டை நம்பி வாழும் வீடுகள் நிறைந்தது நம் ஊர். அந்நாளில் சிறுவராயிருந்த நமக்கு, பெரியவர்கள் வானொலியைச் சூழ்ந்து நின்றதும், இஷாத் தொழுகைக்குப் பின் முகமறியாத அம்மக்களுக்காகத் துஆ கேட்டதும் இன்றும் நினைவிலுள்ளன. கருவி ஏன் பொய் சொன்னது என்று அன்று அறியோம். இப்போது அதே பொய்யை, அதே வலப்புறச் சாய்வை, நம் கையாலேயே செய்து வைத்திருந்தோம்.

மற்றொன்று, நம் தெருப் பள்ளிவாசலின் சுவர்க் கடிகாரம். ஒரு ரமலான் மாதத்து மாலை அது நின்றுபோயிற்று. மோதினார் அதைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் முகத்தை மூடிவிட்டார். "ஏன் மூடுறீங்க?" என்று கேட்டோம். "நின்னுபோன கடிகாரம் சும்மா இருக்காது தம்பி, பொய் சொல்லும். நோன்பாளியை அது ஏமாத்திடக் கூடாது" என்றார். பின் அடுத்த வீட்டுக்கு ஆளனுப்பி நேரம் கேட்டு வாங்கிப் பாங்கு சொன்னார். பொறியியல் நூல் எதுவும் படித்தறியாத அப்பெரியவர், பழுதுபட்ட காட்சியை மறைத்து, மாற்றுக் கருவியை நாடிய முறையை எண்ணுந்தோறும் வியக்கின்றோம்.

விடிந்ததும் அறிக்கையைக் கிழித்து மீண்டும் எழுதினோம். 'செய்தி நின்ற பின்னும் படத்தை நிறுத்தி வைத்தது வடிவமைப்பின் பிழை. பார்வையாளர் முன் மின்னியதை மறைக்க அவ்வாறு செய்தோம்' என்று எழுதினோம். குழுத்தலைவர் சினந்தார். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உடன் பணியாற்றியோரின் விடுப்புகள் தள்ளிப்போயின. எனினும் இறுதியில் அவரே கையொப்பமிட்டார். தளர்ந்த கம்பியைத் தளர்ந்த கம்பியாகவே கண்டு சரிசெய்தோம். திரையை மீண்டும் அரை நொடிக்குக் கொணர்ந்தோம். நான்கு மாதம் பிந்தியது.

மறு சோதனையில் அதே விமானி, அதே மேகம், அதே பழுது. தொடுவானம் மறைந்து சிவப்புக்குறி எழுந்த இரண்டு நொடிக்குள் அவர் பார்வை மாற்றுக் கருவிக்குச் சென்றது. விமானம் நேராக ஏறிச் சென்றது. வெளியே வந்தவர், "இனி இது காட்டும் மற்றவற்றையும் நம்பலாம்" என்றார். அச்சொல்லை நாம் பெற்ற விருதாகவே கருதுகின்றோம். தெரியாததைத் தெரியாதெனச் சொல்லும் ஒன்றே, தெரியும் என்று சொல்லும்போது நம்பத் தக்கது.

நிறைவாக

விமானத்தின் நிலையை இரு விமானிகளுக்கும் ஒருசேரத் தவறாகக் காட்டும் பழுது, நூறு கோடிப் பறப்பு மணிக்கு ஒருமுறை என்பதினும் அரிதாதல் வேண்டும் என்பது பெரிய பயணியர் விமானங்களுக்குரிய நெறி. நெறி இருந்தும் மனிதர் தவறுவதுண்டு. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மாண்டனர். தவறான உணர்விச் செய்தியை நம்பித் தானியங்கி அமைப்பு விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தியது அவற்றின் பெருங்காரணம். அதனோடு மற்றொன்றும் வெளிப்பட்டது. இரு உணர்விகளும் தம்முள் முரண்படுகின்றன என்று விமானிக்குத் தெரிவிக்க வேண்டிய வாசகம், தனிவிலை கொடுத்து வேறொரு காட்டியை வாங்காத விமானங்களில் இயங்கவேயில்லை. ஐயத்தை ஐயமாகக் காட்டத் தவறுவதன் கேடு இது.

'அறியேன்' என்று சொல்வதும் அறிவில் பாதி என்று நம் ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இமாம் மாலிக் அவர்கள், தொலைவிலிருந்து வந்தவர் கேட்ட பல வினாக்களுக்கு 'அறியேன்' என்றே விடையளித்த வரலாறும் கேட்டிருக்கின்றோம். நிறுவையிலும் அளவையிலும் குறை வைத்தல் பாவம் என்பது நம் மார்க்கத்தின் பாலபாடம். கடைத்தராசுக்கு மட்டுமே அது உரியது என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். விமானியின் திரைக்கும், ஆய்வாளனின் அறிக்கைக்கும், மாணவனின் விடைத்தாளுக்கும் அதுவே உரியதென இப்போது உணர்கின்றோம்.

அன்பு மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் ஒருவர் மருத்துவமனைக் கருவியைச் செய்யலாம். ஒருவர் வங்கிக் கணக்கை எழுதலாம். ஒருவர் வகுப்பறையில் நிற்கலாம். உங்கள் காட்சியை நம்பி யாரோ ஒருவர் மேகத்துள் சென்றுகொண்டிருப்பார். நின்றுபோன கடிகாரத்தின் மேல் துண்டைப் போர்த்திய அந்த மோதினாரை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவையில் நேர்மையையும், அறியாததை ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரத்தையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.